பைக்குள் இருந்த பொன்னாடை

என் கணவருக்குப் பொன்னாடை போர்த்தும் வியாதி. தமிழ்ச் சங்கமொன்றின் செயலாளர் என்பதால் எங்கள் அலுமாரியில் என் சேலைகளைவிடப் பொன்னாடைகளே அதிகம். அரங்கேற்றம், பட்டிமன்றம், பழைய மாணவர் ஒன்றுகூடல் என்று எங்கே போனாலும் ஒன்றை மடித்து எடுத்துக்கொள்வார். அவர் போர்த்திய ஒன்று நாலு பேர் தோள் மாறி, கடைசியில் அவர் தோளிலேயே வந்து விழுந்ததும் உண்டு. "நல்ல துணியப்பா" என்று தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

மகள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே, எங்கள் நகரத்தின் வில்லரே பகுதியில் ஒரு தேவாலயத்தில் கச்சேரி செய்யும் இசைக்குழுவில் வியோலா வாசித்தாள். வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வாத்தியம். இவர் சொந்தக்காரருக்கு வயலின் என்றே சொல்லிவந்தார். முதல் கச்சேரி முடிந்ததும் விறுவிறென்று மேடையேறி, கோல் பிடித்துக் குழுவை நடத்தியவருக்குப் பொன்னாடை போர்த்தி, தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் நன்றியுரை ஆற்றினார். மூன்றும் ஒரே மொழியாகத்தான் கேட்டன. மகள் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். அதன்பிறகு இவருக்கு அழைப்பில்லை. நான் போகும்போது ஜன்னலோரம் நின்று பார்ப்பார். எனக்குப் பாவமாக இருக்கும்.

ஒரு மாசி மாதம் மகள் மனமிரங்கினாள்.

"வாங்கோ அப்பா. ஆனா இருந்த இடத்தை விட்டு எழும்பக்கூடாது. எழும்பினா இதுதான் கடைசி."

"நான் ஏன் பிள்ளை எழும்பிறன்?" என்றார், ஒன்றும் அறியாதவர் மாதிரி.

அன்றைய கச்சேரியில் பெண்களும் கறுப்பினத்தவரும் எழுதிய இசை மட்டுமே. நிகழ்ச்சித்தாளில் இருந்த படங்களைப் பார்த்து, "இதில ஒருத்தரையும் நான் கேள்விப்படேல்லையே" என்றார்.

"மற்றவையை எல்லாம் கேள்விப்பட்டனீங்களாக்கும்!" என்றேன்.

நிகழ்ச்சித்தாளை மடித்து வைத்தார். அப்போதுதான் அவருடைய பனிச் சப்பாத்துகளுக்கு நடுவில் ஒரு பையைக் கண்டேன். உள்ளேயிருந்து சரிகை எட்டிப் பார்த்தது.

"என்னப்பா இது?"

"சும்மா. ஒரு பாதுகாப்புக்கு."

முதல் இரண்டு இசையையும் எழுதியவர்கள் எப்போதோ இறந்துபோனவர்கள். "செத்தவைக்குப் போர்த்தேலாதே" என்று மெல்லப் பெருமூச்சு விட்டார். மூன்றாவதை எழுதியவர் முன்வரிசையில் இருந்தார், ஹெயிட்டியில் பிறந்த ஒரு முதிய பெண்மணி. இளவயதில் எழுதியதாம், எந்தக் குழுவும் எடுத்து வாசிக்கவில்லையாம். முழுக் குழுவும் வாசித்து அவர் கேட்கப்போவது அன்றுதான் முதல்முறை என்று குழுவின் நடத்துநர் சொன்னார்.

எப்போதும் பின்னால் இருந்து முனகும் வியோலாக்களுக்கு அதில் முழு மெட்டும் கிடைத்தது. மகள் முகம் மலர்ந்து வாசித்தாள். எனக்கு இந்தச் சங்கீதம் ஒரு மண்ணும் விளங்காது. ஆனாலும் கண் கலங்கிவிட்டது.

முடிந்ததும் நடத்துநருக்கு ஒரு பூங்கொத்து, முதல் வயலின்காரருக்கு ஒரு பூங்கொத்து. அந்தப் பெண்மணியைக் கையால் காட்டினார்கள். அவர் அரைவாசி எழும்பி, கைதட்டல் வாங்கி, உட்கார்ந்துவிட்டார். சனம் கோட்டு மாட்டத் தொடங்கியது.

"இஞ்சை பாரும், எழுதின மனிசிக்கு ஒரு பூக்கூட இல்லையோ?" இவருடைய கை பைக்குப் போனது. நான் சட்டைக் கையைப் பிடித்தேன். மேடையில் நின்ற மகளை ஒருதரம் பார்த்தார். பையை விட்டுவிட்டார்.

"இல்லை. பிள்ளைக்குச் சொல்லிப்போட்டன்."

இத்தனை காலம் இவரைக் கேலி செய்த எனக்கு, இந்த மனுஷன் எழும்பிப் போனால் என்ன என்று இருந்தது.

அதற்குள் மகள் மேடையிலிருந்து இறங்கி நேரே எங்களிடம் வந்தாள்.

"அப்பா, அந்தப் பையைத் தாங்கோ."

"எந்தப் பை?"

"மேடையில இருந்தே சரிகை தெரிஞ்சது."

வியோலாவை என் மடியில் வைத்துவிட்டு, பொன்னாடையை விரித்துக்கொண்டு போய் அந்தப் பெண்மணிக்கு இரண்டு கையாலும் போர்த்தினாள். குனிந்து பிரெஞ்சில் ஏதோ விளக்கினாள். அவர் அதைக் கழுத்துவரை இழுத்து மூடி, மகளின் கையை விடவேயில்லை.

இவர் எழும்பவில்லை. இருந்த இடத்திலிருந்தே, "இடப்பக்கம் இழுத்துவிடு பிள்ளை!" என்று தேவாலயம் முழுக்கக் கேட்கக் கத்தினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மகள் சிரித்துக்கொண்டே இடப்பக்கத்தை இழுத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் அவள் சொன்னாள்: "அடுத்தமுறை ரெண்டு கொண்டுவாங்கோ அப்பா."

இவர் கோட்டுப் பையில் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.