முனகுகிறவருக்கு முதல் இடம்

வண்டியை இன்னும் முதல் கியரில்கூடப் போட்டிருக்க மாட்டார். தலைக்கு மேலே தொங்கும் கண்ணாடியைப் பின்சீட்டு முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டு, “எத்தனை தடவை போச்சு?” என்று கேட்பார். பின்னால் இருப்பவர் கூச்சத்தில் நெளிந்தால் விடமாட்டார். “வெக்கம் பாத்தா வயிறு நிக்குமா? சொல்லுங்க. வாந்தியா, கீழயா, ரெண்டுமா?” அடுத்த கேள்வி இன்னும் பச்சையாக வரும். “ஒண்ணுக்குப் போச்சா? காலையிலேர்ந்து போச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க.” பதில் வந்த பிறகுதான் வண்டி நகரும். வலப்பக்கம் திரும்புமா இடப்பக்கம் திரும்புமா என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.

வேன் ஸ்டாண்டில் அவருக்கு ரேட்டுக்காரர் என்று பெயர். எந்த ஆஸ்பத்திரியில் எந்த நோய்க்கு எவ்வளவு பிடுங்குவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. வெயில் காலத்தில் அவரும் மற்ற ஓட்டுநர்களைப் போல ஸ்டியரிங்கில் கால் போட்டுத் தூங்குகிறவர்தான். குளிர் இறங்கியதும் அவருக்கு மவுசு வந்துவிடும். ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு ஒரே அறையில் ஆறு பேர் மூச்சு விடுகிற வீடுகள் இந்த ஊரில் அதிகம். ஒரு குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து வயிற்றுப்போக்கைக் கொண்டு வந்தால், அது அம்மாவுக்கு, அப்பாவுக்கு, மாடிப்படி ஏறி மேல்வீட்டுக்கு என்று எல்லாரையும் விசாரித்துவிட்டுத்தான் போகும். பின்னாலேயே காய்ச்சல் வரும், இருமல் வரும். எல்லாருக்கும் அப்போது ரேட்டுக்காரர் வேண்டும்.

“ஊசி ஒண்ணுதாங்க. பாட்டில் ஒண்ணுதான்” என்பார். “வாசல்ல கண்ணாடிக் கதவு வெச்சிருந்தா கதவுக்கும் சேத்து பில்லு போடுவான். உள்ள மீன் தொட்டி இருந்தா, மீனுக்குத் தீனியும் நம்ம தலையிலதான்.”

அவர் வரைபடத்தில் மூன்றே இடங்கள். முதலாவது சந்து டாக்டர். உடைந்த பெஞ்சு, சுவரில் போன வருஷத்து காலண்டர், கைராசி, குறைந்த காசு. இரண்டாவது கண்ணாடி ஆஸ்பத்திரி. கம்பெனி இன்சூரன்ஸ் கார்டு இருக்கிறவர்களை மட்டும் அங்கே இறக்குவார். மூன்றாவது பெரிய ஆஸ்பத்திரி. அங்கே காசு கிடையாது, காத்திருப்புதான் கட்டணம். “கார்டு இருக்கறவனுக்கும் இல்லாதவனுக்கும் ஜுரம் ஒரே சூடுதான். படுக்கைதான் வேற வேற.” இப்படிச் சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். பின்சீட்டுக்காரர் வாந்தியை அடக்கிக்கொண்டு சிரிக்க முயல்வார்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் ஒதுங்காதவர். பிறத்தியார் வண்டிகளைக் கழுவி, அதே வண்டிகளின் பின்சீட்டில் படுத்து வளர்ந்தவர். யாரோ வேண்டாம் என்று தள்ளிவிட்ட வேனை வாங்கி, எஞ்சினைப் பிரித்துத் தரையில் பரப்பி, தானே திரும்ப மாட்டினார். இன்றைக்கு வண்டி சொந்தம், வீடு சொந்தம், வாயும் சொந்தம். “நான் மட்டும் படிச்சிருந்தா டாக்டராயிருப்பேன். என்ன, பீஸ் கம்மியா வாங்கி மத்தவங்க பொழப்பைக் கெடுத்திருப்பேன்” என்பார். அவருடைய பெரிய பெருமை வேறு. “இத்தனை வருஷத்துல என் வண்டியில ஏறுன ஒருத்தரும் வழியில போனதில்ல. கேட்டுப் பாருங்க.” கேட்டுப் பார்த்தாயிற்று. உண்மைதான். தன் கையை ஊன்றித் தானே எழுந்த மனிதன் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவான். அதை அலட்டல் என்று சொல்கிறவர்கள் யாரும் வெறும் வயிற்றோடு வண்டி கழுவியவர்கள் இல்லை.

பனிக்காலத்தில் ஒரே நடையில் நாலைந்து நோயாளிகளை ஏற்றுவார். ஆளுக்கொரு இடம் போக வேண்டியிருக்கும். யாரை முதலில் இறக்குவது என்பதற்கு அவரிடம் ஒரே சட்டம்தான். யார் அதிகமாக முனகுகிறாரோ அவர் முதலில். யாராவது முறைத்தால், “வலிச்சா கத்தமாட்டாங்களா? கத்தலைன்னா தாங்கறாங்கன்னு அர்த்தம்” என்று வாயை அடைத்துவிடுவார். அந்தச் சட்டம் அவரை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. குறைந்தபட்சம், ஏமாற்றியதாக யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை.

“நம்ம வண்டியில மூக்கைப் பொத்தாம உக்காரலாம்” என்பதும் அவர் பெருமைகளில் ஒன்று. அது அவருடைய மனைவியின் கை வேலை. சாயங்காலம் வண்டி வீட்டு வாசலுக்கு வந்ததும் அந்த அம்மாள் ஒரு பக்கெட்டும் பினாயிலும் பழைய துணியுமாக உள்ளே ஏறுவார். சீட்டு இடுக்கில் விரலை விட்டு, அன்றைக்கு யார் யார் வயிற்றிலிருந்து என்னென்ன வந்ததோ அதையெல்லாம் துடைத்து எடுப்பார். ரேட்டுக்காரர் முன்சீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அன்றைய கதைகளைச் சொல்வார். அந்த அம்மாளிடமிருந்து வருவது மூன்றே சொற்கள். “ம்.” “ஆகட்டும்.” “ஒண்ணுமில்ல.” இத்தனை வருஷக் குடித்தனத்தில் தலைவலி என்று அவர் படுத்து ரேட்டுக்காரர் பார்த்ததில்லை. “எங்க வீட்டம்மா இரும்பு” என்று ஸ்டாண்டில் சொல்லிக்கொள்வார்.

இந்தக் குளிருக்கு அந்த அம்மாளுக்கு வந்துவிட்டது. எந்தச் சீட்டிலிருந்து வந்தது என்று தேடி என்ன ஆகப்போகிறது. முதல் நாள் ரேட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. வழக்கம்போல டீ வந்தது. மறுநாள் காலையில் டீ வரவில்லை. போய்ப் பார்த்தால் அந்த அம்மாள் குளியலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. வயிறு கொஞ்சம் சரியில்ல.”

கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து ஒரு செம்பு நிறைய வைத்தார் ரேட்டுக்காரர். எத்தனையோ வீடுகளுக்குச் சொல்லிக் கொடுத்த கைப்பக்குவம். “கொஞ்சம் கொஞ்சமா குடி. நாளைக்கு எந்திரிச்சிருவே” என்று சொல்லிவிட்டு ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். வேலை தலைக்கு மேல் கிடந்தது, தெருவே இருமிக்கொண்டிருந்தது. மதியம் வந்து பார்த்தபோது செம்பு முக்கால்வாசி அப்படியே இருந்தது.

“குடிச்சியா?”

“ம்.”

அவர் அதோடு விட்டுவிட்டார். வழியில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிற அந்தப் பச்சைக் கேள்வியைத் தன் மனைவியிடம் கேட்கவில்லை. கூச்சம் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குள்ளும் அந்தக் கேள்வி செல்லும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த நாள் காலையில் அந்த அம்மாளால் செருப்பு மாட்ட முடியவில்லை. கால் செருப்பைத் தேடிக்கொண்டே இருந்தது. ரேட்டுக்காரரே குனிந்து மாட்டிவிட்டு, தோளைப் பிடித்து வேனில் ஏற்றினார். சந்து டாக்டரிடம் போவது என்று முடிவு. கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார். “எப்படி இருக்கு?” “பரவால்ல” என்றார் அந்த அம்மாள். குரல் கொஞ்சம் ஒட்டினாற்போல வந்தது. உதடு காய்ந்திருக்கும், குளிர்தானே என்று நினைத்துக்கொண்டார்.

தெருமுனையில் ஜவுளிக்கடை கேஷியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டுக்கே வந்துவிட்டார். நல்ல வாட்டசாட்டமான ஆள்.

“அண்ணே, செத்தேன் அண்ணே. குடலை யாரோ பிழியறாங்க.”

“ஏறு, ஏறு. கத்தாம ஏறு.”

“அக்கா, கொஞ்சம் தள்ளிக்கங்க.”

அந்த அம்மாள் தள்ளிக்கொண்டார். சீட்டின் ஓரத்தில், ஜன்னலோடு ஜன்னலாக. கேஷியர் மீதி இடத்தில் காலை நீட்டிப் படுத்துவிட்டார்.

“என்னய்யா, கார்டு இருக்கா?”

“முதலாளி போட்டுக் கொடுத்தது இருக்கு அண்ணே. ஐயோ அம்மா.”

“அப்ப உனக்குக் கண்ணாடிதான். ராஜா மாதிரி போ. மீனைக் கேட்டேன்னு சொல்லு.”

சட்டம் தன் வேலையைச் செய்தது. சந்து டாக்டர் பக்கம் திரும்ப வேண்டிய வண்டி நேராகக் கண்ணாடி ஆஸ்பத்திரிக்குப் போனது. வாசலில் நிறுத்தியதும் சக்கர நாற்காலியோடு இரண்டு பேர் ஓடி வந்தார்கள். கேஷியரை அள்ளிக்கொண்டு போனார்கள். கதவு தானாகத் திறந்து தானாக மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து கதகதப்பான காற்று ஒரு தரம் வேன் வரைக்கும் வந்து போயிற்று.

அந்த அம்மாள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ரேட்டுக்காரர் அதைக் கண்ணாடியில் பார்த்தார். கார்டு இல்லாமல் உள்ளே போனால் என்ன ஆகும் என்பது இந்த ஊரில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. படுக்கைக்கு ஒன்று, பார்க்க வருகிற டாக்டருக்கு ஒன்று, பாட்டிலுக்கு ஒன்று, பாட்டிலை மாட்டுகிற கம்பிக்கு ஒன்று. இருந்தும் வாய்விட்டுக் கேட்டார்.

“இங்கேயே காட்டிரலாமா?”

“எதுக்கு. தண்டச் செலவு” என்றார் அந்த அம்மாள்.

ரேட்டுக்காரருக்கு மனசு லேசாயிற்று. மறைக்க ஒன்றுமில்லை, லேசாகத்தான் ஆயிற்று. பின்சீட்டில் வேற்று ஆள் இருந்தால் முகத்தைப் பார்த்திருப்பார், சொல்லைக் கேட்டிருக்க மாட்டார். பெண்டாட்டி சொன்ன சொல்லை அன்றைக்கு முதல் தடவையாக மறு பேச்சில்லாமல் கேட்டுக்கொண்டார்.

சந்துக்குள் போனால் டாக்டர் வீட்டு ஷட்டர் பாதி இறங்கிக் கிடந்தது. மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண் குனிந்து வெளியே வந்தாள். முகத்தில் துணி கட்டியிருந்தாள்.

“டாக்டரே படுத்துட்டார் அண்ணே. வீடு மொத்தத்துக்கும் காய்ச்சல். எனக்கும் உடம்பு கொதிக்குது, கிட்ட வராதீங்க.”

“ஒரு பாட்டில் மட்டும் ஏத்தி விடேன், தாயி. நீ பாக்காத வேலையா?”

அவள் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். “அண்ணே, இவங்களை எதுக்கு இங்க கொண்டு வந்தீங்க?” என்றாள். “பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நிக்காதீங்க.”

சந்திலிருந்து வண்டியைப் பின்னாலேயே எடுத்துத்தான் வெளியே வர வேண்டும். சந்தின் வாயை அடைத்துக்கொண்டு ஒரு தண்ணீர் லாரி நின்றது. ஹாரனில் கை வைத்தபடி, “இந்தா… உன்னைத்தான். பேசிட்டே வா” என்றார். “ம்” வரவில்லை. அந்த ஒற்றை எழுத்து வராத வண்டியை அவர் அதுவரை ஓட்டியதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு தள்ளுவண்டியில் இரண்டு பேராகப் படுத்திருந்தார்கள். நடைபாதை முழுக்கப் போர்வை, வாளி, இருமல். ஒரு நர்ஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அந்த அம்மாளின் கண்ணிமையை விரித்துப் பார்த்தார்.

“கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனாங்க?”

ரேட்டுக்காரர் வாயைத் திறந்தார். அதை அவர் கேட்டிருக்கவே இல்லை.

“எத்தனை தடவை வயித்தால போச்சு? வாந்தி?”

அதையும் கேட்டிருக்கவில்லை.

“கூட இருக்கறது நீங்கதானே, ஐயா? வீட்டுக்காரர்தானே?”

“ஆமாம்மா.”

ஒரு கட்டிலில் கிடத்தி, இரண்டு கைகளிலும் பாட்டில் ஏற்றினார்கள். நரம்பு கிடைக்க வெகு நேரம் ஆயிற்று. சின்ன வயது டாக்டர் ஒருவர் பரிசோதித்துவிட்டு, உடம்பில் நீரே இல்லை, சிறுநீரகம் நின்றுபோயிருக்கிறது என்றார். தண்ணீர் இறங்கி அது மறுபடி வேலை செய்தால் பிழைப்பார். இல்லாவிட்டால் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற எந்திரத்தில் போட வேண்டும், இங்கே எந்திரத்துக்கு முன்னால் வரிசை இருக்கிறது.

“கண்ணாடி ஆஸ்பத்திரியில எந்திரம் இருக்குங்க. கொண்டு போயிரட்டுமா? என்ன செலவானாலும் பரவால்ல. வண்டியை வித்துர்றேன்.”

“இப்ப அசைச்சா வழியிலேயே…” என்று ஆரம்பித்த டாக்டர், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம். எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் பாட்டிலாவது ஏத்தியிருப்பாங்களே. வழியில ஒண்ணும் இல்லையா?”

ரேட்டுக்காரர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா, டாக்டருக்கு விளங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அடித்தது. கேஷியர்.

“அண்ணே, உங்க புண்ணியத்துல பொழைச்சேன். வெறும் வாயுவாம். மாத்திரை போட்டதும் நின்னுபோச்சு. கார்டு இருக்கறதால எதுக்கும் ரெண்டு நாள் படுத்துட்டுப் போகச் சொல்றாங்க. மெத்தை என்னமா இருக்கு தெரியுமா. அக்காவுக்கு எப்படி இருக்கு?”

“பாத்துட்டிருக்காங்க” என்று சொல்லிவிட்டு வைத்தார். 

ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது நர்ஸ் மறுபடி வந்தார். கட்டிலின் கீழே தொங்கும் மூத்திரப் பையைத் தூக்கிப் பார்த்தார். வறண்டு கிடந்தது. பிறகு அந்த அம்மாளின் நெற்றித் தோலை இரண்டு விரலால் லேசாகக் கிள்ளி விட்டார். தோல் படியாமல் மடிப்பாகவே நின்றது.

“அது என்னம்மா?”

“உடம்புல தண்ணி சேந்தா இது டக்குனு படிஞ்சிரும், ஐயா. சேரலைன்னா இப்படியே நிக்கும். கையில பாக்காதீங்க. வயசானவங்க கை எப்பவுமே இப்படித்தான். நெத்தியில பாருங்க.” சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ரேட்டுக்காரர் முதலில் தன் நெற்றியைக் கிள்ளிப் பார்த்தார். உடனே படிந்தது. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, மனைவியின் நெற்றியில் கை வைத்தார். கிள்ளினார். மடிப்பு நின்றது. கட்டைவிரலால் அதை மெல்ல நீவி, தானே படியவைத்தார். கொஞ்ச நேரம் பொறுத்திருந்து மறுபடி கிள்ளினார்.