மோனிஷாவை மட்டும் ஏன் கிண்டல் செய்யவில்லை?

போன வாரம் முழுக்க என் மனைவி கல்பனா வகுப்பில் ஒரு ஜோக்கூட அடிக்கவில்லை.

இதில் என்ன விசேஷம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் வீட்டில் இது தலைப்புச் செய்தி.

கல்பனா மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறாள். அவள் பாடம் நடத்துவது ஏறக்குறைய கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து வம்பு பேசுவது போலவே இருக்கும். மந்த வாயுக்கள் என்றால் — எங்கள் அபார்ட்மென்ட் மூன்றாவது மாடிக்காரர். யாரோடும் சேர மாட்டார், சண்டையும் போட மாட்டார், லிஃப்டில் பார்த்தால் தலையைக்கூட ஆட்ட மாட்டார். சோடியம் என்றால் — தி.நகரில் தீபாவளித் துணி எடுக்க வந்த மனைவி. கையில் இருக்கும் அந்த ஒரு எலக்ட்ரான் பையை யாரிடம் தள்ளிவிடலாம் என்று பார்த்துக்கொண்டே இருப்பாளாம். குளோரின்? பக்கத்தில் நிற்கும் புருஷன்.

(மூன்றாவது மாடிக்காரர் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

பாடத்தோடு நிறுத்துவாளா? பிள்ளைகளையும் வாருவாள். "ஹரிஷ், உன் தலையில இருக்கற ஜெல் அமிலமா காரமா? எழுந்து சொல்லு." அவள் வகுப்பில் கேள்வி என்பதே இப்படித்தான் வரும். முதலில் கிண்டல், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கேள்வி. வகுப்பு சிரிக்கும், எழுந்து நிற்பவனும் சிரிப்பான், பதிலும் எப்படியோ வந்து விழும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தலைமை ஆசிரியையிடமிருந்து அந்த ஃபோன்.

"மோனிஷாவோட அப்பா ஸ்கூலுக்கு வந்திருந்தார் கல்பனா. நீங்க கிளாஸ்ல கிண்டல் பண்றது பத்திப் பேசணுமாம். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் கொஞ்சம் அடக்கி வாசிங்களேன்."

கல்பனா ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மோனிஷாவா? அவளை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லையேங்க."

மோனிஷாவுக்குப் பேச்சு திக்கும். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு... வார்த்தை வெளியே வருவதற்குள் கேட்பவருக்கு மூச்சு முட்டும். வருஷத் தொடக்கத்தில் ஒருமுறை அப்படி நின்றபோது, பின் பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டார்கள். கல்பனா அன்றே ஒரு முடிவு எடுத்தாள் — இந்தப் பெண்ணை மட்டும் தொடக் கூடாது.

"அப்புறம் எதுக்குக் கம்ப்ளெயின்ட்?" என்றேன்.

"தெரியலைங்க. வேற யாரையோ ஏதோ சொல்லியிருப்பேன். அது அவளைக் குத்தியிருக்கும்."

அதோடு வாயைக் கட்டிவிட்டாள். அணு எண், நிறை எண், அடுத்த பக்கம். முதல் நாள் ஒரு பெண், "மிஸ், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். அடுத்த நாள் இன்னொரு பையன், "நாங்க எதாவது தப்புப் பண்ணிட்டோமா மிஸ்?" என்றான். அதற்கும் அடுத்த நாள் ஹரிஷ் தலையில் ஜெல் இல்லாமல் வந்தானாம்.

வெள்ளிக்கிழமை ஒரு சின்ன டெஸ்ட். சிரிப்பில்லாத வாரம், மார்க் இறங்கும் என்று கல்பனா பயந்தாள். கவனம் கூடியிருக்கும், மார்க் ஏறும் என்று தலைமை ஆசிரியை நம்பினார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வழக்கமாக வாங்குகிறவர்கள் வழக்கமாக வாங்குவதையே வாங்கியிருந்தார்கள்.

என் குழப்பம் இங்கேதான் ஆரம்பித்தது. அப்படியானால் இத்தனை வருஷம் இந்த அம்மாள் தொண்டை வற்றச் சிரிக்க வைத்ததெல்லாம் எதற்கு?

சனிக்கிழமை நான்தான் அவளை ஸ்கூட்டரில் கூட்டிப் போனேன். காத்திருந்தோம். மோனிஷாவின் அப்பா வரவில்லை. தலைமை ஆசிரியை வேறு வேலையாகக் கிளம்பிப் போனார். நாங்களும் கிளம்பி, நான் வண்டியை உதைக்கும் நேரத்தில் கேட் ஓரமாக ஒரு பைக் வந்து நின்றது. சட்டைக் கையில் கிரீஸ் கறை. பெயர் பாஸ்கர். ஈக்காட்டுத்தாங்கலில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார்.

"மன்னிச்சுக்கோங்க மிஸ். அர்ஜென்ட் ஆர்டர் ஒண்ணு, வுட்டுட்டு வர முடில."

கல்பனா அவரை மேலே பேச விடவில்லை. வாரம் முழுக்க மனப்பாடம் செய்தது அப்படியே கொட்டியது. "சார், உங்க பொண்ணு மனசு கஷ்டப்படற மாதிரி நான் எதாவது சொல்லியிருந்தா..."

"நீங்க ஒண்ணுமே சொல்லலியே மிஸ். அதான் மேட்டரே."

எங்கள் இருவருக்கும் புரியவில்லை. நான் வண்டியை ஆஃப் செய்தேன்.

"வூட்டுக்கு வந்தா உங்க கிளாஸ் கததான் மிஸ். யாரை இன்னா சொன்னீங்க, எவன் எப்பிடி முழிச்சான்... எல்லாம் உங்கள மாதிரியே நின்னுகினு நடிச்சிக் காட்டும். டைம் எடுக்கும். நாங்க குந்திகினு கேப்போம். அதுக்கும் சிரிப்பு, எங்களுக்கும் சிரிப்பு. அன்னிக்கு நான் சும்மா கேட்டேன், 'உன்னை இன்னாமா சொன்னாங்க மிஸ்ஸு'ன்னு. அவ்ளோதான். அழுதுட்ச்சு."

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"'என்னை மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கப்பா. கேள்விகூட கேக்க மாட்டாங்க. நான் கிளாஸ்ல கீறனா இல்லியான்னே அவங்களுக்குத் தெரியாது'ன்னுச்சு. அத்த சொல்லத்தான் மிஸ் வந்தேன். எல்லாரையும் ஓட்டுறீங்க இல்ல, நம்ம பொண்ணையும் ஒரு தபா ஓட்டுங்க. ஹெச்.எம். மேடம் கைல சொன்னேன். பாதி சொல்லும்போதே அவங்களுக்கு போன் வந்துட்ச்சு."

கல்பனா தலையை மட்டும் ஆட்டினாள். அவர் போன பிறகும் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

லஸ் சிக்னலில் வண்டி நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "பாவம்னு நெனச்சுத்தானேங்க விட்டேன்."

கிண்டலை விட்டாள் — அதன் வாலில் கட்டியிருந்த கேள்வியும் கூடவே போய்விட்டது. அந்தப் பெண் அத்தனை மாதமும் ஒரு கேள்விக்கும் எழுந்து நிற்காமலே வேதியியல் படித்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் வீட்டில் ஒரே ஆராய்ச்சி. ஒரு பெண்ணை எதை வைத்துக் கிண்டல் செய்யலாம்? பேச்சைத் தொடக் கூடாது. நிறம், உடம்பு, வீடு, மார்க் — எதையும் தொடக் கூடாது. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் கையில் ஒன்றுமே மிஞ்சவில்லை. மற்ற பிள்ளைகளிடம் இவ்வளவு யோசித்தாளா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சாயங்காலக் காபி இன்னும் வந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"மோனிஷா, ஒரு வாரமா நான் ஜோக் அடிக்காததுல கிளாஸ்ல நிம்மதியா தூங்கினது நீ ஒருத்திதான் போலிருக்கு. எழுந்திரு. சோடியத்தை ஏன் மண்ணெண்ணெய்ல போட்டு வைக்கறோம்?"

யாரும் சிரிக்கவில்லை. மோனிஷா எழுந்தாள். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"'தண்ணி'ன்னு நானே எடுத்துக் கொடுத்துடலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சுங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்."

வந்தது. மெதுவாக, உடைந்து உடைந்து — ஆனால் முழுசாக. "தண்ணில போட்டா கரைஞ்சு போயிடும் மிஸ்."

பதில் தப்பு. தப்பான பதில் என்றால் மற்றவர்களுக்கு என்ன கிடைக்குமோ, அதுவே அவளுக்கும் கிடைத்தது. "கரையறதுக்கு அது என்ன சர்க்கரையா? தண்ணில போட்டா நம்ம லேப் கூரை மந்தைவெளி ஸ்டேஷன்ல போய் இறங்கும்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. ஒரு வாரப் பாக்கியையும் சேர்த்துச் சிரித்திருப்பார்கள். மோனிஷா சிரிக்கவில்லை. உட்கார்ந்தாள். மணி அடிக்கும் வரை தலையை நிமிர்த்தவே இல்லை.

அன்று கல்பனா சாப்பிடவில்லை. "அவங்க அப்பா கேட்டாருன்னு செஞ்சேன். அவ கேட்டாளா? ஒருவேளை வீட்டுல ஒண்ணு சொல்லியிருப்பா, மனசுல வேற இருந்திருக்கும்." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உடனே, அப்படி இருக்காது என்றும் தோன்றியது.

மறுநாள் இடைவேளையில் மோனிஷா ஆசிரியர்கள் அறை வாசலில் வந்து நின்றாள். கல்பனா எழுந்து போனாள். அந்தப் பெண் கண்ணை மூடி, ஒரு எழுத்தோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டி, ஒருவழியாகச் சொன்னாள்:

"மிஸ், நேத்து ஜோக் சுமார்தான்."

முகத்தில் துளி சிரிப்பில்லை. கல்பனாதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் மோனிஷா அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள் — தண்ணீரில் வெடிக்கிற சோடியம் சும்மா காற்றில் வைத்தால் என்ன ஆகும், மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் வேறு எதில் போட்டு வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இடைவேளை முடிந்து மணி அடித்தும் போகவில்லையாம்.

சரி, குழப்பம் தீர்ந்ததா? எங்கே தீர்ந்தது... ஹரிஷ் இன்னும் ஜெல் இல்லாமல்தான் வருகிறான். "நான் உன்னை ஓட்டறது உனக்குக் கஷ்டமா இருக்காடா?" என்று கல்பனா தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். அவன் யோசித்துவிட்டு, "தெரியல மிஸ்" என்றானாம்.

ஒருத்திக்கு, கிண்டலில் சேர்த்துக்கொள்ளாதது வலித்தது. இன்னொருவனுக்கு, சேர்த்துக்கொண்டது வலித்ததா என்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே வகுப்பில், ஒரே சிரிப்புச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் நிற்கிறவர் யார் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

கல்பனாவிடமே கேட்டுவிட்டேன். "கடைசியா சொல்லு, பாடம் நடத்த ஜோக் வேணுமா வேண்டாமா?"

"எனக்கே தெரியலைங்க. வெள்ளிக்கிழமை கார்பன் ஆரம்பிக்கறேன். அதுல சிரிக்க என்ன இருக்குன்னு கொஞ்சம் யோசிச்சு வைங்க."

யோசித்துக்கொண்டே இருக்கிறேன்... கார்பன் சிரிப்பதாகத் தெரியவில்லை.