பீரோவில் பூட்டிய ரத்தப் பரிசோதனை

பேரன் பிறந்த மூன்றாம் நாள், செங்கல்பட்டு மருத்துவமனையில் அவன் குதிகாலில் குத்தி, ரத்தத்தை ஓர் அட்டையில் ஐந்து பொட்டுகளாக வைத்தார்கள். சோதித்தது போக மிச்சத்தை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று கேட்டேன். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார் நர்ஸ்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. ரத்தத்தில் ஒரு நொதி குறைவு. மற்றபடி பிள்ளை நன்றாக இருக்கிறான். ஆனால் சில மாத்திரைகளோ பாச்சை உருண்டையின் நெடியோ பட்டால் ரத்த அணுக்கள் உடையும். இது தாய்வழியில் வருவது என்று டாக்டர் சொன்னதும் மகளின் முகம் மாறிவிட்டது.

"திருவிடந்தைக்குத் தெரியக் கூடாதுப்பா" என்றாள். திருவிடந்தை என்றால் அவள் மாமியார். மருமகனும் அம்மாவிடம் சொல்லவில்லை.

அட்டையை அழித்துவிடும்படி ஆய்வகத்துக்கு எழுதினேன். அழித்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அதையும் முடிவுத் தாளையும் ஒரே ஃபைலில் வைத்து, கூடுவாஞ்சேரியில் என் வீட்டு பீரோவில் பூட்டினேன். மகளும் பிள்ளையும் அந்த அறையில்தான் இருந்தார்கள். துணிகளோடு உருண்டை வைக்கக் கூடாது என்று டாக்டர் எழுதித் தந்திருந்தார். வீட்டில் துணி இருந்த இடங்களிலிருந்தெல்லாம் அன்றே எடுத்துப் போட்டு, நேரத்தையும் டைரியில் குறித்தேன்.

முப்பதாம் நாள் சம்பந்தியம்மா வந்தார். பிள்ளைக்குப் பழைய துணிதான் மெத்தென்று இருக்கும் என்று, டிரங்குப் பெட்டியிலிருந்த நூல்புடவைகளைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தார். பையைத் திறந்ததும் நெடி அடித்தது. பிள்ளையைச் சுற்றுவதற்காக ஒரு துண்டை விரித்தார். மகள் என்னைப் பார்த்தாள்.

நான் சொல்லிவிட்டேன். தாய்வழி என்பதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஆனால் எதையும் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை.

அவர் துண்டைச் சுருட்டிப் பையில் திணித்தார். பையை கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார்.

"யாரு வழியா வந்தா இன்னா? நான் சுத்தியிருந்தேன்னா?" என்று மகளிடம் கேட்டார். பிறகு அந்தத் தாளைக் காட்டச் சொன்னார்.

பீரோவைத் திறந்தேன். அதில் துணி கிடையாது, காகிதங்கள் மட்டும்தான். பூச்சி அரிக்காமலிருக்க ஃபைலின் மேல் நான்கு உருண்டைகள் வைத்திருந்தேன். நெடி அறை முழுக்கப் பரவியது. மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

"சொந்தக்காரங்க வூட்டுக்கெல்லாம் போனு போட்டு உருண்டைய எடுக்கச் சொல்லணும்னு நெனச்சிகினு இருந்தேன் சம்மந்தி" என்றார் அவர். "மொத போனு உங்களுக்குத்தான் போடணும் போல கீது."

எல்லோருக்கும் போட்டார், ஸ்பீக்கரில். நெம்மேலியிலிருந்து யாரோ, யார் வீட்டு வழி என்று இழுத்தார்கள். "புள்ள நல்லா கீறான். நீ உருண்டையத் தூக்கிக் கடாசு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

முடிவுத் தாள் இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அட்டையை அழித்ததற்கான கடிதம் மட்டும் பீரோவில் பூட்டியிருக்கிறது. போன வாரம் பார்த்தேன். ஒரு மூலையைப் பூச்சி அரித்திருக்கிறது.