அசுரர்களும் கயிறு போட்டார்கள்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் நான் சி பிளஸ் பிளஸ் என்கிற கணினி மொழி நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் இருக்கும். பாடம் நடத்துவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. செமஸ்டர் கடைசியில் பிராஜெக்ட் திருத்துவதுதான் பிராணனை வாங்கும். யாரைக் கேட்டாலும் நூலகக் கணக்குக்கு ஒரு புரோகிராம், இல்லாவிட்டால் மருத்துவமனை, அதுவும் இல்லாவிட்டால் சம்பளப் பட்டியல். எல்லாம் சிதம்பரத்தில் ஒரே கடையில் சிடியாக வாங்கியது. நன்றியுரைப் பக்கத்தில் வேறு ஏதோ கல்லூரி முதல்வருக்கு நன்றி சொல்லியிருக்கும். அதைக்கூடப் படித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எரிச்சல் தாங்காமல் அந்த வருடம் வகுப்பில் சொல்லிவிட்டேன். "இன்னொரு நூலகம் என் மேஜைக்கு வந்தா ஜன்னல் வழியா வெளிய போயிடும். பேயோ பூதமோ, சொந்தமா எதையாவது எழுதிட்டு வாங்க."

முக்கால்வாசிப் பேர் நூலகத்திலிருந்து மருத்துவமனைக்கு மாறிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் நான் சொன்னதை நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். கடலோரக் குப்பத்திலிருந்து வருகிற பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். அசுரர்களுக்கும் வீரர்களுக்கும் நடக்கும் போரை எழுதப்போகிறேன் என்று வந்து நின்றாள். எனக்கு ஒரே குஷி. துறைத்தலைவர்தான் தலையில் அடித்துக்கொண்டார். "விளையாட்டுக்கெல்லாம் எக்ஸ்டர்னல் பாஸ் போட மாட்டாங்க சார். பொண்ணுக்கு அரியர் வுழுந்தா நீங்கதான் பதில் சொல்லணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு பாடத்தில் தவறி அரியர் விழுந்தாலும், ஆள் எடுக்க வருகிற கம்பெனிகள் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். அந்தப் பெண் அதுவரை ஒரு அரியர் வைத்ததில்லை. சென்னையில் வேலைக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சும் இல்லை.

தேர்வு நாள் காலையில் செம்மண்டலத்தில் கல்லூரிப் பேருந்தில் ஏறியதும், முன்சீட்டில் இருந்த அவள் பிரிண்ட் அவுட்டை நீட்டினாள். மடியில் விரித்து வைத்துக்கொண்டு படித்தேன். 'போராளி' என்று ஒரு தாய் வகுப்பு; வகுப்பு என்றால் புரோகிராமில் ஒரு வார்ப்பு மாதிரி. அதிலிருந்து பிறந்தவை வாள்வீரன், மாயக்காரி, அசுரன். தாய் வகுப்பில் இருப்பதெல்லாம் பிள்ளை வகுப்புகளுக்குத் தானாக வந்துசேரும். இந்தப் பாடத்தின் உயிரே அதுதான். அடி, தடு, இழு என்று எல்லாச் செயலுக்கும் தமிழ்ப் பெயர். மாயக்காரி கையில் இருந்த பிரம்மாஸ்திரம் மிளகாய்த்தூள். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இயற்பியல் ஆசிரியர் தூக்கம் கலைந்து என்னை முறைத்தார்.

எக்ஸ்டர்னலாக, அதாவது வெளியிலிருந்து தேர்வு நடத்த வந்தவர் சிதம்பரம் பக்கத்திலிருந்து ஒரு மூத்த பேராசிரியை. எக்ஸ்டர்னல் என்றால் எங்கள் கல்லூரிகளில் மாப்பிள்ளை உபசாரம் நடக்கும். வந்ததும் இளநீர், மதியம் வஞ்சிர மீனோடு சாப்பாடு. இந்த அம்மாள் இளநீரைத் தொடக்கூட இல்லை. "இரண்டு மணிக்குக் கரண்ட் போயிடும்னு சொன்னாங்க. அதுக்குள்ள முடிக்கணும்" என்று உட்கார்ந்துவிட்டார். நூலகங்களையும் மருத்துவமனைகளையும் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் தாண்டினார். கடைசியாக எங்கள் பெண்ணின் முறை வந்தது.

போர் தொடங்கியது. திரையில் வரிகள் ஓடின. வாள்வீரன் அசுரனை அடித்தான், அசுரன் திருப்பி அடித்தான். வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எப்பம்மா முடியும் இது?"

அவள் ஓடிப்போன வரிகளை மேலே நகர்த்திப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. அடிபட்டவனை அவன் கூட்டாளி கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போகிறான். இழுக்கிறவனை யாரும் அடிக்கக் கூடாது என்பது விதி. அடிபட்டவன் தேறி மறுபடி சண்டைக்கு வந்துவிடுகிறான். அதுதான் 'இழு'. அது வீரர்களிடம் மட்டும் இருந்திருந்தால் அசுரர்கள் எப்போதோ ஒழிந்திருப்பார்கள். இவள் அதைத் தாய் வகுப்பில் வைத்திருந்தாள். அசுரர்களும் கயிறும் கையுமாக இருந்தார்கள்.

"நேத்துதான் மேடம் அத தாய் வகுப்புக்கு மாத்துனேன். அதுக்கப்புறம் ஓட்டிப் பாக்கல" என்றாள்.

"அசுரன்கிட்டேருந்து அதை எடுத்துடு. ஒரு நிமிஷ வேலை."

விசைப்பலகை வரைக்கும் போன அவள் கை அங்கேயே நின்றது. எடுத்துத் தொலையேன் தாயே என்று எனக்கு உள்ளே அடித்துக்கொண்டது. வேலை, சென்னை எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

"எங்க ஊர்ல நடுக்கடல்ல ஒரு போட்டு இன்ஜின் நின்னுபோச்சின்னா, பக்கத்துல இருக்கறவுங்க வலைய சுருட்டிட்டு வந்து கயிறு போட்டு இழுத்துதான் மேடம் ஆவணும்."

"சரி, அது உங்க ஆளுங்களுக்கு."

"இல்ல மேடம். எதிரூரு போட்டா இருந்தாலும் இழுப்பாங்க. கரைக்கு வந்து வேணா அடிச்சிக்குவாங்க. அசுரன் மட்டும் எப்பிடி மேடம் கூட்டாளிய வுட்டுட்டுப் போவான்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, எடுக்க வேணாம். ஆனா முடியாத புரோகிராமுக்கு நான் பாஸ் போட மாட்டேன். கரண்ட் போறதுக்குள்ள முடிச்சிக் காட்டு."

அவள் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். நான் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது எந்த நேரமும் நிற்கலாம். இரண்டு தடவை பிழை என்று காட்டியது. ஒரு அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது, அதையும் போட்டாள். அவள் சேர்த்தது ஒரே ஒரு விதி. ஒரு பக்கத்து ஆட்கள் எல்லாருமே இழுப்பதும் இழுபடுவதுமாக ஆகி, அடிக்க ஒரு கைகூட மிச்சமில்லை என்றால் அந்தப் பக்கம் தோற்றது, போர் நின்றது.

மறுபடி ஓட்டினாள். வரிகள் ஓடின, ஓடின, நின்றன. ஜெயித்தது அசுரர்கள்.

மேடம் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "செத்தது எத்தனை பேரு?"

"யாரும் இல்ல மேடம். எல்லாரும் கரைக்கு வந்துட்டாங்க."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு லேப் வாசலில் நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் கேட்டது. நான் போட நினைத்ததைவிடக் கூடவே மார்க் போட்டு, கையெழுத்தும் போட்டு, காலையிலிருந்து காத்துக்கிடந்த இளநீரை எடுத்து உறிஞ்சினார். மின்விசிறி நின்றது. துறைத்தலைவரைத் தேடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்குக் கால் பரபரத்தது. அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் பெண் கடைசிவரை அரியர் வைக்கவில்லை. சென்னைக் கம்பெனி ஒன்று அவளை எடுத்துக்கொண்டது.

அடுத்த வருடம் காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு கல்லூரிக்கு நான் எக்ஸ்டர்னலாகப் போனேன். இளநீர் வந்தது. இரண்டு பையன்கள் அசுரப் போர் ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். நன்றியுரையில் எங்கள் முதல்வர் இருந்தார். சிடிக் கடைக்காரர் இதையும் பிடித்துவிட்டார் என்று புரிந்தது. கோபம்தான் வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை. தாய் வகுப்பைத் திறக்கச் சொன்னேன். 'இழு' அதே இடத்தில் இருந்தது.

"இது எதுக்குப்பா?"

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தெரியல சார். ஆனா அத எடுத்துட்டா எதுவுமே ஓட மாட்டேங்குது."

சரியான பதில்தான் என்று பாஸ் போட்டேன்.