கழுத்து வளைவில் நான்கு கற்கள்

ஈரான் லாரி என்று சொன்னாலே கிதிர் மாமா வாயில் நல்ல வார்த்தை வராது. இத்தனைக்கும் அவர் வீட்டு அடுப்பு எரிந்ததே அந்த லாரிகளால்தான். இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. படியளக்கிறவனைத் திட்டாமல் பிழைக்கிறவன் எந்த ஊரில் இருக்கிறான்?

எங்கள் குர்து மலைநாட்டில், சோரான் டவுனைத் தாண்டி ஹெவ்லேர் நகரத்துக்குப் போகிற மலைச்சாலையில், எங்கள் பெர்தாசூர் கிராமத்துக்குக் கீழே ஒரு செங்குத்தான திருப்பம் உண்டு. கழுத்து வளைவு என்போம். அங்கேதான் கிதிரின் டீக்கடை. நாலு தகரம், ஒரு கரி அடுப்பு, மலையிலிருந்து ரப்பர் குழாயில் வந்து விழுகிற ஊற்றுத் தண்ணீர், அவ்வளவுதான். சின்ன வயதில் அவர் கல் கொத்துகிறவர். அந்தச் சாலையை அகலப்படுத்தியபோது பாறை உடைத்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு சண்டை வந்தது, கிராமத்தைக் கொளுத்தினார்கள், எல்லாரும் எல்லையைத் தாண்டி ஓடினோம். திரும்பி வந்த வருடம், ஆட்டைத் தேடிப் போன இடத்தில் யாரோ புதைத்துவிட்டுப் போன கண்ணிவெடி அவருடைய இடது பாதத்தில் பாதியைக் கொண்டுபோனது. கல் வேலையும் போயிற்று, ஆடும் போயிற்று. உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலையாகப் பார்க்கச் சொல்லி அவர் மனைவி பீரோஸ்தான் அந்தத் தகரக் கொட்டகையைப் போட வைத்தாள்.

வளைவு வரும்போதே சரக்கு லாரிகளுக்கு மூச்சு வாங்கும். ரேடியேட்டர் கொதித்து ஆவி பறக்கும். நிறுத்தித் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். அந்த ஏற்றத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வண்டியை நிறுத்துகிற டிரைவர் எந்த நாட்டிலும் கிடையாது. பின் சக்கரத்துக்குக் கல் வைப்பான். எங்கள் ஊர் லாரியில் கூட ஒரு ஆள் இருப்பான். வண்டி நகர்ந்ததும் கல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொள்வான். எல்லை தாண்டி வருகிறவர்கள் தனியாள். பாரத்தோடு ஏற்றத்தில் கிளம்பிய வண்டியை மறுபடி நிறுத்த முடியுமா? கல்லை அப்படியே நடுச்சாலையில் விட்டுவிட்டுப் போவார்கள். பின்னால் வருகிற காரின் அடிவயிறு கிழியும். அப்படி எத்தனை காரைக் கயிறு கட்டி இழுத்திருக்கிறோம், சொல்லி மாளாது.

இதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்து, கிதிர் பழைய உளியை எடுத்தார். கறுப்புப் பாறையில் நான்கு கற்களை ஆப்பு மாதிரிக் கொத்தினார். அடிப்பக்கம் சொரசொரப்பு, மேல்பக்கம் சரிவு. எவ்வளவு பாரம் இருந்தாலும் வண்டி ஒரு விரற்கடை நகராது. லாரி நின்றதும் அவரே நொண்டிக்கொண்டு போய் வைப்பார். கிளம்பும்போது, "நீ போ, கல்லை நான் பாத்துக்கறேன்" என்று கை காட்டுவார். அதை அந்த ஈரான் டிரைவர்கள் பேசுகிற துருக்கி மொழியிலும் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார். வண்டி வளைவைத் தாண்டியதும் நான்கையும் இழுத்து ஓரத்தில் போடுவார். யாரும் அவரை அந்த வேலைக்கு வைக்கவில்லை. மழையோ பனியோ, ஒருநாளும் தவறியதில்லை. அன்றாடம் நடக்கிற காரியத்தை யார் கவனிக்கிறார்கள்? ஊர் அதைப் பார்த்தும் பார்க்காமல் போய்வந்தது.

வாய் மட்டும் சும்மா இருக்காது. சாலை தெரியாமல் வருகிறான்கள், தூங்காமல் ஓட்டுகிறான்கள், தேய்ந்து மொட்டையான டயரோடு மலை ஏறுகிறான்கள், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கத்தில் விடுகிறான்கள் என்று நாள் முழுக்கப் பாட்டுப் பாடுவார். பொய்யும் இல்லை. முந்தின வருடம்தான் ஒரு டேங்கர் பிரேக் பிடிக்காமல் இறங்கி வந்து, கல்யாணத்துக்குப் போன குடும்பத்தையே காரோடு நசுக்கியது. அந்தக் காரிலிருந்து ஆட்களை எடுத்தவர்களில் கிதிரும் ஒருவர். அதற்குப் பிறகு அவர் குரலில் இருந்தது வெறும் எரிச்சல் இல்லை. பயம்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒருநாள் சாயங்காலம், வட்டார வானொலியில் வெளிநாட்டு லாரிகளைப் பற்றி நேயர்கள் பேசலாம் என்று அறிவித்தார்கள். கடையில் கத்துவதைப் போய் அங்கே கத்துங்கள், நாலு பேராவது கேட்பார்கள் என்று பீரோஸ் காலையிலேயே கிண்டல் செய்திருந்தாள். கிதிரும் போன் போட்டுக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அப்போதுதான் அய்வாஸின் லாரி ஆவியைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. அய்வாஸ் ஈரானில் உர்மியா ஊர்க்காரன், நாற்பதைத் தொட்டவன், டைல்ஸ் ஏற்றிக்கொண்டு அடிக்கடி வருகிறவன். வரும்போதெல்லாம் பீரோஸுக்கென்று அவன் ஊர்ச் சர்க்கரை மிட்டாய் ஒரு பொட்டலம் கொண்டுவருவான். குர்திஷில் அவனுக்குத் தெரிந்தது டீ, தண்ணீர், கல், போ, அவ்வளவே. கிதிர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே கற்களை வைத்தார், குழாயை நீட்டினார். தண்ணீர் ஊற்றி முடித்து அவன் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்த நேரமும், வானொலிக்காரர் "சொல்லுங்க அண்ணே, எந்த ஊர்லேந்து பேசறீங்க?" என்று கேட்ட நேரமும் ஒன்றாகப் போயிற்று.

கிதிர் வழக்கம்போலக் கை காட்டினார். நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன். லாரி உறுமிக்கொண்டு ஏறிப் போனது. சாலை இரைச்சல் கேட்காமல் இருக்கட்டும் என்று அவர் கொட்டகைக்குள் போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

என்ன பேச்சு பேசினார் அன்றைக்கு! பெர்தாசூர் முழுக்க வேலையை விட்டுவிட்டுக் கேட்டது. டேங்கரைச் சொன்னார், கல்யாணக் காரைச் சொன்னார். "கல்லை நடுரோட்டுல போட்டுட்டுப் போயிடறானுங்க. இருட்டுல ஒரு பைக் வந்தா என்னாகும்? எவன் வீட்டுப் புள்ள சாகணும் இவனுங்களுக்காக?" என்று கேட்டார். வானொலிக்காரர் நிறுத்தவே இல்லை. பேசி முடித்ததும் பீரோஸ் போன் செய்தாள். இத்தனை வருடத்தில் அவள் புருஷனைப் புகழ்ந்தது அன்றுதான். கிதிருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மறுபடி மறுபடி யார் யார் கேட்டார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

வெளியே பனிமூட்டம் இறங்கியிருந்தது. ஒரு பைக் சத்தம் கீழேயிருந்து வந்தது. பிறகு ஒரு டமார். பிறகு ஒன்றுமில்லை.

கதவைத் திறந்தபோது பைக் தடுப்புச் சுவரில் சாய்ந்து கிடந்தது. சாலை நெடுக ரொட்டிகள். சோரானில் ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிற ஹேமின், தினமும் வீட்டுக்குச் சூடாகக் கொண்டுவருகிற ரொட்டிகள் அவை. ஹேமினைச் சுவருக்கு அந்தப் பக்கம், பள்ளத்திலிருந்து எடுத்தார்கள். ஹமசூரின் கடைக்குட்டி. இருபத்திரண்டு வயது. கிதிரும் ஹமசூரும் எல்லை தாண்டி ஓடிய நாளில் ஒரே போர்வைக்குள் படுத்தவர்கள்.

நடுச்சாலையில் கல்லை விட்டுவிட்டுப் போனான் என்று அய்வாஸை அன்றைக்கே ஹெவ்லேர் வழியில் சோதனைச் சாவடியில் பிடித்துவிட்டார்கள். ஊர் ஆண்கள் டயரைக் கொளுத்திச் சாலையை மறித்தார்கள். வெளிநாட்டு லாரி இனி இந்த மலையில் ஏறக்கூடாது என்றார்கள். கிதிர் மாமா வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது, மனுஷன் அந்த நிமிஷத்தில் வானொலியில் எச்சரித்துக்கொண்டிருந்தாரே, யார் கேட்டான் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அவர் தோளைத் தொட்டார்கள். அவருக்கு உடம்பு கூசியது. கல்லை எடுக்க மறந்தேன் என்று யாரிடமாவது சொல்லிவிட வேண்டுமென்று தொண்டைவரை வரும். அதற்குள் யாராவது ஈரான்காரனைச் சபிப்பார்கள். வந்தது திரும்ப உள்ளே போய்விடும்.

இரண்டு நாளாக அவர் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தார். வானொலியில் பேசினது போதும், இனி என்னோடாவது பேசுங்கள் என்று பீரோஸ் அழுதாள். அவளிடம் மட்டும் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் துக்க வீட்டில் கூட்டம் கலைகிறவரை கிதிர் மூலையில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவோடு வந்திருந்தார். எல்லாரும் போனபின் ஹமசூர் எழுந்து, அவர் கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனான். விறகுக் கட்டையை நகர்த்தி, அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தான். பிரிக்காமலே கிதிருக்குத் தெரிந்தது.

"உன்னோட கல்லுதான். போலீஸ் வர்றதுக்கு முந்தி நாலையும் எடுத்துட்டு, அந்த இடத்துல சாதாரணக் கல்லைப் போட்டுட்டேன். எடுத்துட்டுப் போயிடு" என்றான் ஹமசூர்.

கிதிர் அவன் கையைப் பிடித்தார். "ஹமசூர், நான்தான்..."

"சொல்லாத." ஹமசூர் சத்தம் போடவில்லை. "நீ சொல்லிட்டா எனக்குத் தெரிஞ்சதா ஆயிடும். எனக்குத் தெரிஞ்சா என் பெரிய பசங்களுக்குத் தெரியும். அவனுங்க துப்பாக்கியத் தூக்கிட்டு உன் வாசலுக்கு வருவானுங்க. அப்புறம் உன் தம்பி மகனுங்க என் வாசலுக்கு வருவானுங்க. ஒரு புள்ளயப் புதைச்சுட்டேன்ப்பா. இன்னொண்ண என்னால முடியாது. அந்த ஊர் பேர் தெரியாதவன் செஞ்சதாவே இருக்கட்டும். அவனுக்காக இங்க யாரும் வரமாட்டாங்க."

"அவனுக்கும் வீடு இருக்குமே."

"இருக்கட்டும். அது தூரத்துல இருக்கு" என்றான் ஹமசூர்.

சாக்கு கனமாக இருந்தது. கிதிர் அதை இழுத்துக்கொண்டு வந்து, தன் வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கீழே தள்ளினார். அய்யோ, அந்த மனிதர் அன்றைக்கு அழுத அழுகை! நம் பாவத்தை நாமே சுமப்பது ஒரு விதத்தில் லேசு. அதை அடுத்தவன் தலையில் ஏற்றிவிட்டு, சாட்சி சொல்லவும் நாமே போவது இருக்கிறதே, அதை எதிரிக்கும் நினைக்கக் கூடாது.

வார முடிவில் சோரான் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். அதிகாரியின் அறையில் ஹமசூர் நாற்காலியில் இருந்தான். அவனுடைய இரண்டு பெரிய பையன்களும் கதவோரம் கைகட்டி நின்றார்கள். அய்வாஸைக் கூட்டி வந்தார்கள். தாடி வளர்ந்து, செருப்பில்லாமல், ஆள் பாதியாகியிருந்தான். கிதிரைப் பார்த்ததும் அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி, மாமா, மாமா என்று அவன் மொழியில் இரண்டு தடவை கூப்பிட்டான்.

துருக்கி மொழி தெரிந்த ஒரு கணக்குப்பிள்ளை அவன் சொன்னதைக் குர்திஷில் சொன்னார். அதிகாரி கேட்டுக்கொண்டு கிதிர் பக்கம் திரும்பினார்.

"இவன் ஒண்ணு சொல்றான், மாமா. 'நீ போ, கல்லை நான் பாத்துக்கறேன்'னு நீங்கதான் கை காட்டுனீங்களாம். எப்பவும் அப்படித்தானாம். நீங்க வந்தா எல்லாம் சொல்லிடுவீங்கன்னு பிடிச்ச நாள்லேந்து சொல்லிக்கிட்டே இருக்கான். நெசமா?"

கிதிர் ஹமசூரைப் பார்த்தார். ஹமசூர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கதவோரத்தில் இருந்த பையன்கள் அவரைத்தான் பார்த்தார்கள். மூத்தவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர்.

"கல்லை வச்சவன்தான் எடுக்கணும். நான் டீ போடறவன், சார்" என்றார்.

"கை காட்டுனீங்களா, இல்லையா?"

"இல்ல."

அதிகாரி எழுதிக்கொண்டார். பையன்கள் மூச்சு விட்டார்கள். கிதிர் சொன்னதை அய்வாஸுக்குத் துருக்கியில் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கணக்குப்பிள்ளை எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். அய்வாஸுக்குத் தெரிந்ததெல்லாம், மாமா வந்தார், பேசினார், அதிகாரி எழுதினார் என்பதுதான். அவனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனபோது கதவருகில் நின்று, வலது கையை நெஞ்சில் வைத்து, தலை தாழ்த்திக் கிதிருக்கு நன்றி சொன்னான்.

எங்கள் பக்கம் ஒருவர் நெஞ்சில் கை வைத்தால் எதிரில் இருப்பவர் கை தானாக எழும்பும். கிதிரின் கையும் எழும்பி, அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்தது.