இடுப்பில் கட்டிய துண்டு

மணலூர்பேட்டைப் பக்கத்து வயல்களில் பூச்சிமருந்து அடிப்பதுதான் என் கணவரின் கூலி வேலை. முதுகில் மாட்டும் டேங்க் எப்போதும் ஒழுகும். மருந்து காலில் வழியாமலிருக்க இடுப்பைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வார். வெயிலுக்கு ஜில்லென்று இருக்கிறதென்று நனைந்த துண்டைச் சாயங்காலம்வரை அவிழ்க்க மாட்டார்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. மாமியார் என்னைக் கூட்டிப்போகாத கோயில் இல்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர்தான் முதன்முதலாக என் கணவரையும் பரிசோதித்தார்.

"விந்தணு ரொம்பக் கம்மியா இருக்கு. பூச்சிமருந்தும் காரணமா இருக்கலாம். இந்த வேலையை விட்டுட்டு வாங்க, மறுபடி பார்க்கலாம்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கணவர் மெதுவாக, "எனக்கு வேற இன்னா வேல தெரியும்? வூட்ல அம்மாகிட்ட சொல்லிக்கினு இருக்காத" என்றார். நான் சொல்லவில்லை.

இப்போது துண்டுக்குப் பதில் உரமூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பையை அவர் இடுப்பில் கட்டி அனுப்புகிறேன். வேலை முடிந்து வந்தால், வாசலிலேயே சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் உள்ளே விடுகிறேன்.

"ஒழச்சிட்டு வர்ற புருசன வாசல்லயே நிக்க வெக்கிற. ஒனக்கு எப்பிடி கொழந்த தங்கும்?" என்கிறார் மாமியார்.

அதைக் கேட்டுக்கொண்டே என் கணவர் சோப்புப் போடுகிறார்.