மருந்தில்லாத பொட்டலம்: பட்டினச்சேரிக்கு ஓர் அவசரப் பயணம்

போன பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு காரைக்காலுக்குப் போய்வந்தேன். முன்கூட்டித் திட்டமிட்ட பயணம் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி வரை, மறுநாள் வீட்டில் துணி துவைப்பதாகத்தான் இருந்தேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத் தொழிற்சாலைகளில் கொரிய மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறேன் என்பது இந்த வலைப்பூவைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அந்த வாரம் சென்னையில் மூலிகை மருந்துகளின் பாதுகாப்பு பற்றி ஒரு கருத்தரங்கு. கொரியாவிலிருந்து வந்த சோயன் என்ற ஆய்வாளருக்கு மூன்று நாள் என்னைத் துணைக்கு அமர்த்தியிருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். கொரியாவின் பாரம்பரிய மருந்துகள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா, கெடுதல் ஏதும் செய்கின்றனவா என்று நோயாளிகளிடம் சோதித்துப் பார்ப்பது அவருடைய வேலை.

வெள்ளி மாலை கடைசி அமர்வு முடிந்து காபி குடிக்கும்போது, அவர் தன் போனைப் பார்த்தபடியே அசையாமல் நின்றார். பிறகு என்னிடம் நீட்டினார். பாதி ஆங்கிலம், பாதி கொரியனில் ஒரு மின்னஞ்சல். அனுப்பியவர் குமரவேல். காரைக்காலை ஒட்டிய பட்டினச்சேரிக்காரர். கொரியாவில் ஒரு கப்பல்பட்டறையில் வெல்டராக மூன்று வருடம் இருந்தவர். அப்போது இடுப்புவலிக்கான ஒரு மூலிகை மருந்துச் சோதனையில் சோயனிடம் சேர்ந்திருக்கிறார். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியதால் கடைசிப் பரிசோதனைக்கு வரவில்லை.

கடிதத்தின் சாரம் இதுதான்: உங்கள் மருந்தில் என் இடுப்புவலி அடியோடு போய்விட்டது. கொரிய மருந்தின் மகிமையை நேரில் கண்டவன் என்பதால் வரும்போது கடையில் கொஞ்சம் வாங்கிவந்தேன். என் அக்காவுக்கு இருதயத்தில் செயற்கை வால்வு வைத்திருக்கிறது. இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை பை கொடுக்கலாம்?

செயற்கை வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளலாம், பக்கவாதம்கூட வரலாம். சோயன் அங்கேயே நின்று பதில் எழுதினார். ஒரு மணி நேரமாகியும் பதில் இல்லை. அவரிடம் இருந்தது குமரவேலின் பழைய கொரிய எண். அது வேலை செய்யவில்லை. சேர்க்கைப் படிவத்தில் கொடுத்த சொந்த ஊர் முகவரி மட்டும் மிச்சம். அந்த ஊரில் எனக்கும் யாரையும் தெரியாது.

“எவ்வளவு தூரம்?” என்று கேட்டார். முந்நூறு கிலோமீட்டர் என்றேன். ஞாயிறு இரவு அவருக்கு விமானம். “அப்படியானால் நேரம் இருக்கிறது” என்றார்.

சனிக்கிழமை காலை நாலரைக்குக் கிண்டியில் கிளம்பினோம். கார் கிலோமீட்டருக்குப் பதின்மூன்று ரூபாய், ஓட்டுநர் படி நாளுக்கு ஐந்நூறு, சுங்கம் தனி. ஓட்டுநர் செல்வம் அண்ணன் சீர்காழிக்காரர், அந்த ரோட்டின் பள்ளம் மேடெல்லாம் அவருக்கு மனப்பாடம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏழு மணிக்குப் புதுச்சேரி, ஏழே முக்காலுக்குக் கடலூரில் பொங்கலும் காபியும் (மூன்று பேருக்கு 310 ரூபாய்). சிதம்பரம், சீர்காழி, திருக்கடையூர், பொறையார் வழியாக நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் மறுபடியும் புதுச்சேரி மாநிலம். “இங்க டீசல் விலை கம்மி, போட்டுக்குவோம்” என்று செல்வம் அண்ணன் பங்க்கில் காரை ஒதுக்கினார். அந்த ஐந்து நிமிடம்கூடச் சோயன் காரைவிட்டு இறங்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரைக்கால் ஊருக்குள் நுழையும்போது மணி பத்தரை. அரசலாற்றுப் பாலம் தாண்டி, நிரவி வழியாக டி.ஆர். பட்டினம். அங்கே கடல் பக்கம் திரும்பினால் பட்டினச்சேரி. காரைக்காலிலிருந்து எட்டு கிலோமீட்டர் என்று போன் காட்டியது. முனையில் மீன் கூடையோடு நின்ற அம்மாவிடம் செல்வம் அண்ணன் விசாரித்தார். “வெல்டரா? கொரியாக்காரரு வீடுன்னு கேளுங்க. தண்ணி டேங்குக்குப் பின்னாடி, பச்சை கேட்டு” என்றார் அவர். காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “மருந்து வாங்கவா வந்திருக்கீங்க?” என்றும் கேட்டார். நான் அதை மொழிபெயர்த்தபோது சோயனின் முகம் இறுகியது.

குமரவேல் வாசலில் கேட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். சோயனைப் பார்த்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, கொரிய வழக்கப்படி இடுப்பை வளைத்து வணங்கினார். நிமிர்ந்ததும் இடுப்பைத் தட்டிக்காட்டிக் கொரியனில், “வலி இல்லை, கொஞ்சமும் இல்லை” என்றார். தனக்கு மருந்து தந்தவரே கடல் கடந்து வீடு தேடி வந்துவிட்ட பெருமை முகத்தில் அப்படிப் பொங்கியது. மின்னஞ்சல் அனுப்பிய கையோடு போனில் நெட் தீர்ந்துவிட்டதாம். சோயன் எழுதிய பதிலை அவர் பார்க்கவே இல்லை.

அக்கா தனம் உள்ளே மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நடந்து வந்து உட்காருவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். மாத்திரையை நிறுத்திப் பதினோரு நாள். மாதாமாதம் பஸ் ஏறிப் போய் ரத்தம் எடுத்துக் கொடுப்பது அவருக்கு அலுத்துப்போயிருந்தது. “ஊசி குத்திக் குத்திக் கையே மரத்துப்போச்சும்மா. தம்பிதான் இதைக் குடிச்சா போதும்னுச்சு” என்றார்.

சோயன் தரையில் அவர் எதிரில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதா, கை கால் மரத்ததா, பேச்சுக் குழறியதா, ஈறில் ரத்தம் வந்ததா, தூக்கம் எப்படி, மலம் எப்படி. ஒவ்வொன்றாக நான் தமிழில் கேட்க, ஒவ்வொரு பதிலையும் எழுதிக்கொண்டார். பிறகு அந்த மருந்துப் பைகளைக் கேட்டார். கறுப்புச் சாறு அடைத்த சின்னச் சின்னப் பைகள். அட்டையில் இருந்த மூலிகைப் பெயர்கள், தயாரிப்பு எண், தேதி எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாகக் குறித்துக்கொண்டார். படம் எடுத்தால் போதாதா என்று கேட்டேன். “படமும் எடுப்பேன். எழுதினால்தான் விட்டுப்போனது கண்ணில் படும்” என்றார். அதில் இருந்த ஒரு மூலிகை, ரத்த மாத்திரையின் வேலையைக் குறைக்கலாம் என்று சந்தேகம் உள்ளதாம். இன்னொன்று கூட்டலாம் என்று சந்தேகம். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது என்றார். தெரியாததை இவ்வளவு தெளிவாகச் சொல்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சோயன் சொன்னதும் குமரவேல் தயங்கினார். நல்ல மனிதர், ஆனால் நம்பிக்கை அவ்வளவு ஆழமாக வேர் விட்டிருந்தது. பக்கத்து வீடுகளில் நாலைந்து பேருக்கும் கொடுத்திருக்கிறாராம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். “மேடம், இங்கிலீஷ் டாக்டருங்க எல்லாம் இதைத்தான் சொல்வாங்க. நீங்களே இப்படிச் சொல்லலாமா? நான்தானே சாட்சி? மூணு மாசம் உங்க மருந்தைச் சாப்பிட்டு எழுந்து நடந்தவன்.”

சோயன் எழுந்து வெளியே போனார். கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்று தன் ஆய்வுத் தலைவரிடம் பத்து நிமிடம் போனில் பேசினார். உள்ளே வந்து, அக்காவின் முன்னிலையில் குமரவேலின் சோதனை விவரத்தைச் சொல்லலாமா என்று அவரிடமே அனுமதி கேட்டார். “தாராளமா சொல்லுங்க” என்றார் அவர்.

சோதனை முடிந்து கணக்கெல்லாம் இனி மாற்ற முடியாதபடி பூட்டியாகிவிட்டது, யார் யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று அவரவருக்குக் கடிதம் அனுப்பினோம், உங்கள் கொரிய முகவரிக்குப் போனது ஆளில்லை என்று திரும்பி வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, சோயன் அடுத்த வாக்கியத்தை மெதுவாகச் சொன்னார். அதில் ஒரு சொல்லுக்கு எனக்குச் சட்டென்று தமிழ் வரவில்லை. கடைசியில் இப்படிச் சொன்னேன்: “உங்களுக்குக் கொடுத்தது மருந்தில்லாத பொட்டலம். பார்க்க மருந்து மாதிரியே இருக்கும். உள்ளே மருந்து கிடையாது.”

குமரவேல் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். கையில் பச்சைப் பெயின்ட் காய்ந்திருந்தது.

“மூணு மாசம் நான் தின்னது மாவா?”

மாவுதான். அதே பழுப்பு நிறம், அதே கசப்பு, அதே பட்டை வாசனை வரும்படி செய்த மாவு. சோதனை தொடங்கும் முன் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் இரண்டையும் ருசித்துப் பார்த்து, எது எதுவென்று சொல்ல முடியாமல் தோற்ற பிறகே அதை ஒப்புக்கொண்டார்களாம். சேரும்போதே இப்படி ஒன்று கிடைக்கலாம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். குமரவேலுக்கும் அது ஞாபகம் இருந்தது. ஏதோ சம்பிரதாயப் பேப்பர் என்று நினைத்துவிட்டாராம்.

“அப்போ வாராவாரம் என்கிட்ட வலி எப்படி இருக்குன்னு கேட்டீங்களே. தெரிஞ்சேதான் கேட்டீங்களா?”

அந்தக் கேள்வியில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். சோயன் அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னார். “எனக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தால், மருந்து சாப்பிடுபவரைப் பார்த்து என்னையறியாமல் கொஞ்சம் அதிகமாகச் சிரித்திருப்பேன். அதனால் எனக்கும் சொல்ல மாட்டார்கள். உங்களைப் போலத்தான் நானும் கடைசியில் தெரிந்துகொண்டேன்.”

மனிதர்கள் தங்களையே நம்பாமல் இப்படி ஒரு பூட்டைச் செய்து, சாவியைத் தங்களுக்கே எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, உண்மைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

தனம் அக்காதான் பேசினார். “அப்போ அவனுக்கு எப்படிம்மா நல்லாச்சு?”

தெரியாது என்றார் சோயன். அந்த மாதங்களில் குமரவேலுக்குப் பளு குறைந்த வேலை கொடுத்திருந்தார்கள். வலியும் சில சமயம் தானாகத் தணியும். வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் உட்கார்ந்து அக்கறையாகக் கேட்பதிலும் ஏதோ இருக்கிறது. ஒரே ஒருவரை வைத்து எதனால் என்று சொல்ல முடியாது, அதனால்தான் நிறையப் பேரைக் கேட்கிறோம் என்றார்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “இரும்மா, புடவையை மாத்திக்கிட்டு வந்துடறேன். தம்பி, மாத்திரை டப்பாவையும் சீட்டையும் எடுத்துக்கடா.”

ஒன்றே காலுக்கு அரசு மருத்துவமனையில் இருந்தோம். ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறையாமல் காக்கும் அளவு இருக்க வேண்டியதற்கு வெகு கீழே இறங்கியிருந்தது. உடனே சேர்த்துக்கொண்டு ஊசி போட ஆரம்பித்தார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் வால்வில் ரத்தக்கட்டு எதுவும் இல்லை என்று தெரிய நாலு மணி ஆயிற்று. அதுவரை குமரவேல் உட்காரவே இல்லை. மருந்து அட்டையில் இருந்ததை ஆங்கிலத்தில் எழுதிச் சோயன் கொடுத்த தாளை, பணியில் இருந்த பெண் மருத்துவர் இரண்டு முறை படித்துவிட்டு நோயாளியின் கோப்பில் வைத்துக்கொண்டார். “இன்னும் சில நாள் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாது” என்று குமரவேலிடம் சொன்னார். அவரைத் திட்டவில்லை.

மாலை ஐந்தரைக்குக் காரைக்கால் கடற்கரைக்குப் போனோம். அரசலாறு கடலில் சேரும் இடத்தில் விசைப்படகுகள் வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்தன. சோயன் காலையிலிருந்து முதல் முறையாகப் போனைப் பைக்குள் வைத்தார். மருந்து வேலை செய்கிறது என்று சோதனையில் வந்ததா என்று கேட்டேன். முடிவு வெளியாகும் வரை சொல்லக்கூடாதாம். சரி, வேலை செய்ய வேண்டும் என்று உங்களுக்கு ஆசையாவது உண்டா என்றேன்.

தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்: “என் அப்பா மூலிகை வைத்தியர். இதே மருந்தை நாற்பது வருடமாகக் கொடுக்கிறார். நான் வளர்ந்தது அந்த வாசனையில்தான். நான் எவ்வளவு ஆசைப்படுவேன் என்று நீங்களே யோசியுங்கள்.”

அன்று ஊரில் அறை வாடகை 1,400 ரூபாய், சுத்தமாக இருந்தது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு வார்டில் அக்காவைப் பார்த்தோம். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோயனின் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் விடவே இல்லை. எட்டுக்குக் கிளம்பி இரண்டேகாலுக்குக் கிண்டி. போக வர மொத்தம் 628 கிலோமீட்டர்.

காரைக்கால் போக நினைப்பவர்களுக்கு: விடியுமுன் கிளம்பினால் கடலூர் நெரிசலில் மாட்ட மாட்டீர்கள். நாலுவழிச் சாலை வேலை முடியாத இடங்களுக்காக ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டினச்சேரிக்கு டி.ஆர். பட்டினத்திலிருந்து ஆட்டோ கிடைக்கும். பகலில் போங்கள், படகு வந்த பின் மீன் ஏலம் பார்க்கலாம். வெளிநாடு போய்வருபவர்களுக்கு இன்னொன்று: அங்கிருந்து மூலிகை மருந்தோ சத்துச் சாறோ வாங்கி வந்தால் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். வீட்டில் இருதயம், சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் இருந்தால், டாக்டரிடம் அந்த அட்டையைக் காட்டாமல் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காதீர்கள். சாப்பிட்டுவரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஒரு மாதம் கழித்துக் குமரவேல் போன் செய்தார். அக்காவுக்கு ரத்தப் பரிசோதனை அளவு சரியாகிவிட்டது. மாதப் பரிசோதனைக்கு இப்போது அவரே வண்டியில் கூட்டிப்போகிறார். மிச்சமிருந்த பைகளையும், கொடுத்த வீடுகளுக்குப் போய்த் திரும்ப வாங்கியவற்றையும் அந்த மருத்துவரிடமே ஒப்படைத்துவிட்டாராம். இன்னும் யாராவது மருந்து கேட்டு வருகிறார்களா என்றேன்.

“வர்றாங்க மேடம். உக்கார வெச்சு, நான் மூணு மாசம் மாவு தின்ன கதையைச் சொல்லித்தான் அனுப்புறேன். வெக்கமாத்தான் இருக்கு. ஆனா நானே சொன்னாத்தானே நம்புவாங்க.”